குறைந்த செலவில் பியானோ ஒலி: எல்லைக் கிராமங்களை முன்வைத்து ஒரு மதிப்பீடு

கணினி எழுப்பும் பியானோ ஒலி நிஜப் பியானோவுக்கு எவ்வளவு நெருங்கி வரமுடியும்? ஒலியியல் ஆய்வாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். கருவி செய்யும் நிறுவனங்கள் ஒவ்வொரு பத்தாண்டிலும் விடை கிடைத்துவிட்டதாக அறிவித்தன; அடுத்த பத்தாண்டில் அந்த விடை பழசாகிப் போனது. இதோடு ஒட்டிக்கொண்டே இன்னொரு கேள்வியும் வருகிறது. அந்த ஒலிக்கு எவ்வளவு பணம் கொடுக்கலாம்?

பணம் பற்றிய கேள்விக்குக் கூடுதல் கனம் உள்ள இடங்களில் ஒன்று திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடி. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. பாறசாலை, செங்கல், காரோடு, குன்னத்துகால் போன்ற ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுக்குள் புழங்குகின்றன. களியக்காவிளைச் சந்தை இரண்டு மாநிலத்துக்கும் பொது. கர்நாடக இசைக்குப் பாறசாலை பொன்னம்மாளையும் நெய்யாற்றின்கரை வாசுதேவனையும் தந்த மண் இது. இலண்டன் மிஷன் காலத்திலிருந்து வளர்ந்த இன்றைய சி.எஸ்.ஐ. சபைகளும், 1996-இல் தனி மறைமாவட்டமான நெய்யாற்றின்கரையின் இலத்தீன் கத்தோலிக்கப் பங்குகளும் இங்கே அடுத்தடுத்து உள்ளன. மலையாளக் கிறிஸ்தவப் பாடல்களில் நிலைத்த பெயரான மோசவத்சலம் சாஸ்திரியார் பிறந்த திருப்புறம் நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்து ஊர். ஞாயிறு ஆராதனை, பங்குத் திருவிழா, கன்வென்ஷன், திருமண வழிபாடு என்று வாரம் முழுக்கக் கீபோர்டுக்கு வேலை இருக்கும் பகுதி. ஆனால் அந்தக் கீபோர்டை வாசிக்கும் இளைஞரின் கையில் இருப்பது பெரும்பாலும் 61 கட்டைகள் கொண்ட ஒரு கருவி, ஒரு பழைய லேப்டாப், ஒரு கைபேசி. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நல்ல பியானோ ஒலியைப் பெற எந்த மென்பொருளை எடுப்பது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

நிஜப் பியானோவையே வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். விலையை விட்டுவிட்டாலும் தட்பவெப்பம் குறுக்கே நிற்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் நிலம் இது. காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போது ஒலிப்பலகை உப்பிச் சுருங்கும், சுருதி கலையும், கம்பி துருப்பிடிக்கும், கரையான் மரத்தைத் தேடி வரும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது ட்யூனர் வந்தாக வேண்டும். கிராமத்துத் தேவாலயம் ஒன்றுக்கு அது எளிதில் தாங்கும் பொறுப்பு இல்லை.

பியானோவின் ஒலி பிடிபட மறுப்பது ஏன்?

பியானோவில் 88 கட்டைகள். கம்பிகள் ஏறத்தாழ 230. கீழ்க்கோடிச் சுரத்தின் அதிர்வெண் 27.5 ஹெர்ட்ஸ், மேல்கோடிச் சுரத்தினது 4,186 ஹெர்ட்ஸ். கம்பி எஃகு என்பதால் அதற்கு ஒரு விறைப்பு உண்டு. அதன் மேல்சுரங்கள் கணக்குப்படி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று சரியாக விழாமல் கொஞ்சம் கூர்மையாகவே விழும். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் ஹார்வி பிளெட்சரும் பிளாக்காமும் ஸ்டிராட்டனும் 1962-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. செயற்கையாக எழுப்பிய சுரங்களையும் நிஜச் சுரங்களையும் கலந்து கேட்கவைத்து, எது எது என்று கேட்பவர்களைச் சொல்லச் சொன்னார்கள். மேல்சுரங்களைக் கணக்குச் சுத்தமாக வைத்தபோது ஒலி உயிரற்று இருந்தது. அந்தச் சிறு பிசகைச் சேர்த்தபோது ஒலிக்கு வெதுவெதுப்பு வந்தது. பியானோவின் அழகில் ஒரு பங்கு அதன் பிசகில் இருக்கிறது என்ற முடிவு பின்வந்த எல்லாத் தரப்புக்கும் அடிப்படையானது.

1977-இல் கேப்ரியல் வைன்ரைக் இன்னொரு முடிச்சை அவிழ்த்தார். பெரும்பாலான சுரங்களுக்கு ஒரே சுத்தியல் மூன்று கம்பிகளை அடிக்கிறது. மூன்றும் நூலிழை வேறுபாட்டோடு சுருதி சேர்க்கப்பட்டிருப்பதால் ஒலி முதலில் வேகமாகத் தணிந்து, பிறகு நெடுநேரம் மெல்லத் தொடர்கிறது. இந்த இரட்டைத் தணிவு இல்லாத பியானோ ஒலியை, காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், காது பொம்மைச் சத்தம் என்று ஒதுக்கிவிடும்.

இத்தோடு முடியவில்லை. மெல்ல அடித்தால் ஒலியளவு மட்டும் குறைவதில்லை. சுத்தியலின் கம்பளி வேறு விதமாக அமுங்குவதால் ஒலியின் நிறமே மாறுகிறது. வலது பெடலை மிதித்தால் அடிக்காத கம்பிகளும் சேர்ந்து அதிரும். பாதி மிதித்தால் பாதி அதிரும். கட்டையை விடும்போது தணிப்பான் கம்பியில் வந்து அமரும் சிறு சத்தமும் கேட்கும். எந்த மென்பொருளை மதிப்பிடுவதானாலும் இவற்றில் எதை அது செய்கிறது, எதை விடுகிறது என்று பார்ப்பதே நியாயமான வழி.

பதிவு செய்து வைப்பவர்களின் தரப்பு

நல்ல பியானோ ஒன்றின் ஒவ்வொரு கட்டையையும் அடித்துப் பதிவு செய்து, கீபோர்டில் கட்டையைத் தொட்டதும் அந்தப் பதிவை ஒலிக்கவிடுவது முதல் தரப்பு. சாம்பிளிங் என்று பெயர். 1982-இல் ஸ்டீவி வொண்டரோடு நடந்த உரையாடல் தூண்ட, ரே கர்ஸ்வைல் 1984-இல் கொண்டுவந்த கே250 இத்தரப்பின் முதல் பெரிய வெற்றியாகப் பேசப்படுகிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மிடி என்ற பொது ஏற்பாடு நடைமுறைக்கு வந்திருந்தது. ஒரு நிறுவனத்தின் கட்டைப்பலகையால் இன்னொரு நிறுவனத்தின் ஒலியை இயக்க அது வழிவிட்டது. இன்று ஐந்நூறு ரூபாய் யுஎஸ்பி கேபிளில் நாம் செய்வது அதே வேலைதான்.

தொடக்க காலத்தில் தடையாக நின்றது நினைவகம். 1988-இல் வந்த கோர்க் எம்1 கீபோர்டு, பியானோ உட்படத் தன்னிடமிருந்த எல்லா ஒலிகளையும் 4 மெகாபைட்டுக்குள் அடக்கியது. சுரத்தின் தொடக்கத்தை மட்டும் நிஜமாக வைத்து, அதன் வாலை ஒரு சிறு துண்டைத் திரும்பத் திரும்பச் சுழற்றி ஒப்பேற்றினார்கள். வைன்ரைக் கண்ட அந்த நீண்ட தணிவு இதில் அடிபட்டுப் போனது. திரைப்பாடல்களில் எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் கேட்கும் கண்ணாடி போன்ற பளபளப்பான பியானோவுக்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1998-இல் வந்த கிகாசாம்பிளர் மென்பொருள், பதிவுகளை முழுவதும் நினைவகத்தில் ஏற்றாமல் வன்தட்டிலிருந்தே நேராகப் படிக்கும் வழியைக் காட்டியது. அதோடு அளவின் மேல் இருந்த தடை உடைந்தது. ஒரு சிறு கணக்குப் போட்டால் விளைவு விளங்கும். 88 கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் மெல்லியதிலிருந்து பலமானது வரை 16 படிகள், ஒவ்வொரு பதிவும் 20 நொடி, குறுவட்டுத் தரம் என்று வைத்தால் ஏறத்தாழ 5 ஜிபி வரும். மைக்குகளை நான்கு இடங்களில் வைத்துப் பதிவு செய்தால் 20 ஜிபி. பெடல் மிதித்த நிலைக்குத் தனிப்பதிவு என்றால் இரட்டிப்பு. ஸ்பெக்ட்ராசோனிக்ஸின் கீஸ்கேப் பல வகைக் கருவிகளோடு 77 ஜிபி. இலண்டனின் அபே ரோடு அரங்கில் யமஹா சிஎஃப்எக்ஸ் பியானோவைப் பதிவு செய்த காரிட்டன் தொகுப்பு 100 ஜிபியையும் தாண்டுகிறது.

இத்தரப்பின் பலம் வெளிப்படை. அடிக்கும் ஒவ்வொரு தனிச்சுரமும் நிஜமாகவே ஒரு பியானோவிலிருந்து வந்தது. பலவீனமும் அங்கேயே இருக்கிறது. தனித்தனியாகப் பதிவான சுரங்களுக்கு ஒன்றையொன்று தெரியாது. ஐந்து கட்டைகளைச் சேர்த்து அடிக்கும்போது நிஜப் பியானோவில் கம்பிகள் ஒன்றோடொன்று பேசுகின்றன. இங்கே ஐந்து பதிவுகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கப்படுகின்றன, அவ்வளவே. நல்ல மென்பொருள்கள் அந்தக் கூட்டதிர்வைத் தனியே சேர்க்க முயல்கின்றன. எல்லாம் சமமாக வெற்றி பெறுவதில்லை. மெல்ல அடிப்பதிலிருந்து பலமாக அடிப்பதற்கு ஏறும்போது ஒரு படி மாறுவது காதில் தட்டுவதும் உண்டு.

அளவு பெருகினால் நிஜம் பெருகும் என்ற நம்பிக்கையை எச்சரிக்கையோடு அணுக வேண்டும். கூடுதல் ஜிபியில் பெரும்பங்கு கூடுதல் மைக் இடங்களுக்குப் போகிறது. ஒரே நேரத்தில் ஒரு மைக் நிலையை மட்டும் பயன்படுத்துகிறவருக்கு மற்றவை வட்டில் கிடக்கும் சுமை.

கணக்குப் போட்டு எழுப்புபவர்களின் தரப்பு

இரண்டாம் தரப்பு பதிவையே நம்புவதில்லை. கம்பி, சுத்தியல், ஒலிப்பலகை ஆகியவற்றின் இயக்கத்தைச் சமன்பாடுகளாக எழுதி, கட்டையைத் தொடும் கணத்தில் கணினியே ஒலியைக் கணித்து உண்டாக்க வேண்டும் என்பது அதன் வாதம். மாடலிங் என்று பெயர். கம்பியின் அதிர்வைக் கணினியில் படிப்படியாகக் கணிக்கும் முயற்சியை ஹில்லரும் ரூயிஸும் 1971-இலேயே வெளியிட்டார்கள். 1983-இல் கார்ப்ளஸ்-ஸ்ட்ராங் முறையும், பிறகு ஜூலியஸ் சுமித் ஸ்டான்ஃபோர்டில் வளர்த்த அலைவழி முறையும் கணக்கின் சுமையைக் குறைத்தன. ஆனாலும் முழுப் பியானோவை வீட்டுக் கணினியில் நேரடியாக ஓட்டும் மென்பொருள் கடைக்கு வர 2006 ஆனது. பிரான்சின் துலூஸ் நகரில் பிலிப் கியோம் தொடங்கிய மோடார்ட் நிறுவனத்தின் பியானோடெக் அது. கியோம் கணிதவியலாளர், பியானோ ட்யூனராகவும் இருந்தவர். இந்தச் சேர்க்கையின் தடம் மென்பொருளிலும் தெரிகிறது: சுத்தியலின் கடினம், சுருதியின் இழுப்பு, கம்பியின் நீளம் முதலியவற்றை அதில் திருகி மாற்றலாம். 2009-இல் ரோலண்ட் தன் வி-பியானோவை இதே கொள்கையில் கருவியாகவே வெளியிட்டது.

நம் எல்லைக் கிராம இளைஞருக்கு இத்தரப்பில் கவனிக்கத்தக்கது அளவு. சாம்பிள் தொகுப்புகள் பத்து, இருபது ஜிபி கேட்கும் இடத்தில் பியானோடெக் சில பத்து மெகாபைட்டில் முடிந்துவிடுகிறது. கைபேசி இணையத்திலேயே இறக்கிவிடலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும், கைக்கடக்கமான ராஸ்பெர்ரி பை கணினியிலும் ஓடுகிறது. கூட்டதிர்வு, பாதிப் பெடல் ஆகியவை ஒட்டுவேலையாக இல்லாமல் கணக்கிலிருந்தே பிறக்கின்றன. வட்டுக்கும் நினைவகத்துக்கும் பதிலாக அது கேட்பது செயலியின் வேகம். வட்டு மெதுவான பழைய லேப்டாப்பில் சாம்பிள் தொகுப்பு திணறலாம். செயலி மெலிந்த லேப்டாப்பில் பியானோடெக் திக்கலாம். 2011 முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி போன்ற பழைய கருவிகளை வைத்திருப்போர், வாங்குமுன் இந்த இரண்டில் தம் கருவி எதில் பலவீனம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. பணம் கட்டாமல் ஓட்டிப்பார்க்கச் சோதனைப் பதிப்பு உண்டு. அதில் சில கட்டைகள் ஒலிக்காது, இருபது நிமிடத்தில் நின்றுவிடும் என்றாலும் இந்தச் சோதனைக்கு அது போதும்.

இத்தரப்பின் மேல் வைக்கப்படும் நீண்டகாலக் குறை, ஒலியில் ஓர் உலோகச் சாயல், குறிப்பாக நடுச்சுரங்களில், கேட்கிறது என்பது. பதிப்புக்குப் பதிப்பு அது குறைந்து வருகிறது என்பதைப் பலரும் ஏற்கிறார்கள். முற்றாக மறைந்துவிட்டதா என்பதில் கருத்து ஒன்றுபடவில்லை. வாசிப்பவர்கள் அதன் தொடுகையைப் புகழ்வதும், பதிவை மட்டும் கேட்பவர்கள் சாம்பிளைத் தேர்வதும் அடிக்கடி காணும் பிளவு. விலையும் ஒரு தடை. மிகச் சிறிய பதிப்பே நூறு யூரோவைத் தாண்டும்; ரூபாயில் பத்தாயிரத்துக்கு மேல்.

மென்பொருளே வேண்டாம் என்போர்

கீபோர்டிலேயே பியானோ டோன் இருக்கும்போது கணினி எதற்கு என்று கேட்கும் தரப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆராதனை நடுவே விண்டோஸ் புதுப்பிப்பைத் தொடங்கினால் பாட்டு நிற்கும். மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியில் கணினி தாங்கினாலும் அதோடு இணைந்த ஆடியோ இன்டர்ஃபேஸ் தொடர்பை இழக்கலாம். சார்ஜரை மாட்டியதும் ஸ்பீக்கரில் கிளம்பும் இரைச்சல் லேப்டாப்பை மிக்சரில் இணைத்த எவருக்கும் பழக்கம். (எர்த் பின்னைக் கழற்றி அந்த இரைச்சலை நிறுத்தும் வழக்கம் உயிருக்கு ஆபத்து. தரைச்சுற்றை உடைக்கும் டிஐ பாக்ஸ் முறையான தீர்வு.) யமஹா பி-45, ரோலண்ட் எஃப்பி-10 போன்ற எளிய டிஜிட்டல் பியானோக்களின் உள்ளொலி, பத்தாண்டுக்கு முந்தைய கட்டண மென்பொருள் பலவற்றோடு நிற்கத் தக்கது.

ஆனால் இந்த வாதம் அத்தகைய கருவி கையில் உள்ளவர்களுக்கே முழுதும் பொருந்தும். பல தாள வகைகளும் நூற்றுக்கணக்கான டோன்களும் கொண்ட 61 கட்டைக் கீபோர்டில் பியானோவுக்கு ஒதுக்கிய இடம் சிறியது. அங்கே மென்பொருள் தரும் முன்னேற்றத்தைப் பயிற்சி இல்லாத காதும் உணரும்.

இலவசமும் கட்டற்றதும்

நான்காவது தரப்பு விலையையே கேள்விக்குள்ளாக்குகிறது. அலெக்சாண்டர் ஹோம் என்பவர் யமஹா சி5 பியானோ ஒன்றை இரண்டு மைக்குகளோடு பதிவு செய்து, சாலமாண்டர் கிராண்ட் பியானோ என்ற பெயரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டார். மூன்று கட்டைக்கு ஒரு பதிவு, ஒவ்வொன்றுக்கும் 16 படிகள். இடையிலுள்ள கட்டைகளுக்குப் பக்கத்துப் பதிவையே சற்று ஏற்றி இறக்கிப் பயன்படுத்துகிறது. பெரிய தொகுப்புகளின் நுணுக்கம் இதில் இல்லை. சில பதிவுகளில் சிறு குறைகள் காதில் படும். ஆனால் 16 படி என்பது பல கட்டணத் தொகுப்புகளுக்குச் சமம். விண்டோஸிலும் மேக்கிலும் பிளோக் நிறுவனத்தின் இலவச சஃபோர்சாண்டோவில் இதை ஓட்டலாம். லினக்ஸில் சிஃபிஸ், லினக்ஸ்சாம்பிளர் உள்ளன. இன்னும் எளிய கணினியானால் சவுண்ட்ஃபான்ட் கோப்புகளை வாசிக்கும் ஃபுளூயிட்சின்த் உண்டு. ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் லேப்ஸ் வரிசையில் கிடைத்த சாஃப்ட் பியானோ கம்பளி மூடிய மெல்லிய ஒலி. ஜெபவேளைப் பின்னணிக்கு ஏற்றது, ஆராதனைப் பாடலைத் தூக்கி நிறுத்த அதனால் ஆகாது. ஐபோனோ ஐபேடோ வைத்திருப்பவருக்கு கராஜ்பேண்டின் பியானோ கையிலேயே இருக்கிறது.

கட்டற்ற மென்பொருள் என்ற எண்ணம் இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கியது. ஐடி அட் ஸ்கூல் திட்டத்தின் வழியாகவும், பின்னர் கைட் நிறுவனத்தின் வழியாகவும் கேரளப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில் கணினி பழகுகிறார்கள். பாறசாலையில் பத்தாம் வகுப்பு முடித்த ஒருவருக்கு லினக்ஸ் திரை அந்நியமாகத் தோன்ற வாய்ப்பில்லை. இந்த அடித்தளத்தை இசைக்குப் பயன்படுத்துவது பற்றி இங்கே பேச்சு அதிகம் எழவில்லை என்பது ஒரு குறையாகவே தோன்றுகிறது.

கள்ளப் பிரதிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கீஸ்கேப்பின் விலை 399 டாலர் என்பதைக் காரணம் காட்டிக் கிராக் பதிப்பை நிறுவுவது பரவலான பழக்கம். இலவசத் தொகுப்பு எதுவும் இல்லாத காலத்தில் அதற்கு ஒரு சமாதானம் சொல்ல முடிந்தது. சாலமாண்டர் கையருகே இருக்கும் இன்று அந்தச் சமாதானம் எடுபடாது. தேவாலயத்தில் ஒலிக்கப்போகும் கருவி களவாக வரக் கூடாது என்பதோடு, கிராக் கோப்புகளோடு வரும் வைரஸ் சபையின் கணக்குகள் உள்ள அதே லேப்டாப்பில் ஏறுகிறது என்பதையும் நினைக்க வேண்டும்.

காசு எங்கே போக வேண்டும்?

மென்பொருள் தரப்புகளின் சண்டையில் மறைந்துபோகும் விஷயம், ஒலி மென்பொருளில் தொடங்குவதில்லை என்பது. விரலின் வேகத்தைக் கட்டைப்பலகை 1 முதல் 127 வரையான எண்ணாக்கி அனுப்புகிறது. மிகக் குறைந்த விலைக் கீபோர்டுகளில் தொடுகை உணர்வே கிடையாது. எப்படி அடித்தாலும் ஒரே எண் போகும். அங்கே 16 படித் தொகுப்பில் 15 படிகள் தூங்கும். தொடுகை உணர்வு உண்டு, ஆனால் கட்டைக்கு எடை இல்லை என்றால், மெல்ல வாசிக்கும் கட்டுப்பாடு கைக்கு வராது. எடையுள்ள 88 கட்டைகளில் இலவச மென்பொருளை வாசிப்பது, எடையற்ற கட்டைகளில் முப்பதாயிரம் ரூபாய் மென்பொருளை வாசிப்பதைவிட நிஜத்துக்கு அருகில் நிற்கும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. பெடலும் அப்படித்தான். சாதாரணப் பெடல் சுவிட்சுக்கு மிதித்தது, விட்டது என்ற இரண்டு நிலைதான் தெரியும். பாதிப் பெடலை அனுப்பும் பெடலும், அதை ஏற்கும் கருவியும் சேர்ந்தால்தான் பியானோடெக்குக்குக் கொடுத்த காசு செரிக்கும்.

அடுத்தது, கட்டையைத் தொட்டபின் ஒலி வரும் தாமதம். 48,000 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் 5.3 மில்லிநொடி, 1,024 என்றால் 21 மில்லிநொடி. பத்துக்குள் இருந்தால் பெரும்பாலோர் விரல் தடுமாறாது. விண்டோஸின் வழக்கமான ஒலிப்பாதை இதைத் தாண்டிவிடக்கூடும். இலவசமான ஏசியோ4ஆல் டிரைவரோ, சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸோ இதைச் சரிசெய்யும். மென்பொருள் மோசம் என்று கைவிடப்படும் பலவற்றின் உண்மைக் குற்றம் இந்தத் தாமதமாக இருக்கலாம். புளூடூத் ஸ்பீக்கரை இந்த வேலைக்கு எண்ணவே வேண்டாம்.

யார் காதுக்கு நிஜம்?

நிஜம் என்பதற்கு எல்லாரும் ஒரே பொருள் கொள்வதாக மேலே சொன்ன தரப்புகள் எல்லாம் எடுத்துக்கொள்கின்றன. எல்லைக் கிராமங்களின் நிலைமை அப்படி இல்லை.

ஹெட்போனில் இரவில் பயிற்சி செய்பவருக்கு நிஜம் என்பது விரலுக்கும் காதுக்கும் உள்ள உறவு. டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகளில் பியானோவும் எலக்ட்ரானிக் கீபோர்டும் தனித்தனிப் பாடங்கள். கீபோர்டிலிருந்து பியானோவுக்கு மாறும் மாணவருக்குப் பெடலும் தொடுகையும் புதிதாகக் கற்க வேண்டியவற்றில் முக்கியமானவை. அவருக்கு மாடலிங் தரப்பு கூடுதல் பயன் தரும் என்று சொல்ல இடமுண்டு.

ஆராதனையில் அமர்ந்திருப்பவருக்கு நிலைமை வேறு. ஒலி மிக்சருக்குள் போய், பல இடங்களில் ஒற்றைப் பாதையாகக் கலந்து, சுவரில் தொங்கும் காலம் ஸ்பீக்கர் வழியே வருகிறது. வெளியே கன்வென்ஷன் பந்தலில் ஹாரன் ஸ்பீக்கர். அகலமாக வைத்த இரண்டு மைக்குகளால் பதிவான பியானோவை ஒற்றைப் பாதையில் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; ஒலி டப்பாவுக்குள் போனது போல மெலியும். நூறு ஜிபித் தொகுப்பு ஹெட்போனில் மயக்கிவிட்டுத் தேவாலயத்தில் சோர்ந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இடது, வலது இரண்டில் ஒன்றை மட்டும் எடுப்பதோ, மென்பொருளின் மோனோ அமைப்பைத் தேர்வதோ, அருகில் வைத்த மைக் பதிவை எடுப்பதோ இதைப் பெரிதும் தீர்க்கும். காசு செலவில்லாத இந்தத் திருத்தம் சபையின் காதுக்குத் தரும் பலனை விலையுயர்ந்த தொகுப்பு ஒன்று தருமா என்பது சந்தேகம்.

இன்னொன்றும் உண்டு. நல்ல கிராண்ட் பியானோ ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் இப்பகுதியில் சிலரே இருப்பார்கள். பெரும்பாலோர் பியானோவை அறிந்தது திரைப்பாட்டின் வழியாக, பதிவான இசையின் வழியாக. அவர்கள் நினைவில் உள்ள நிஜம் ஏற்கெனவே மைக் கேட்ட பியானோ. சாம்பிள் தரப்புக்கு இங்கே கூடுதல் ஆதரவு இருப்பதற்கு இதுவும் காரணம் என்று கருதலாம்.

பாடலின் தன்மையும் முடிவை மாற்றும். மொழிபெயர்த்த ஆங்கிலப் பாமாலைகளுக்குப் பியானோவின் நான்குகுரல் அமைப்பு இயல்பாகப் பொருந்துகிறது. கீர்த்தனைகளோ கமகத்தில் நடப்பவை. பியானோவால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்ல முடியாது. இதே குறையைச் சொல்லித்தான் அகில இந்திய வானொலி 1940-இல் ஹார்மோனியத்தை விலக்கியது. அந்தத் தடை தளரவே 1971 ஆனது. பாடகர் சிக்கில் குருசரணோடு பியானோ கலைஞர் அனில் சீனிவாசன் வாசிப்பது போல, பாட்டின் கமகத்தைக் குரலுக்கு விட்டுவிட்டுப் பியானோ வெளியைத் தாங்கி நிற்பது ஒரு வழி. சுருதிப் பகுப்பை மாற்ற இடம்தரும் மென்பொருள்கள் இன்னொரு வழியைத் திறக்கின்றன. பியானோடெக்கின் உயர்பதிப்புகள் அவற்றில் அடங்கும். கீர்த்தனைக்கு அந்த வழியை முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

தீர்ந்தவையும் தீராதவையும்

சில விஷயங்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. தனிச்சுர அளவில் நிஜத்தையும் செயற்கையையும் பிரித்தறிவது இன்று கடினம். இலவசத் தொகுப்புகள் தேவாலய ஆராதனைக்கும் தொடக்கப் பயிற்சிக்கும் போதுமானவை. பணம் கொஞ்சமே இருந்தால் அது முதலில் எடையுள்ள கட்டைகளுக்கும், பிறகு பெடலுக்கும், அதன்பின் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் போக வேண்டும். மென்பொருளின் முறை அதற்கும் பிறகு. அப்போதும் வாங்குவதானால், பல நிறுவனங்கள் நவம்பர் இறுதியில் விலை குறைப்பதை எதிர்பார்த்துக் காத்திருக்கலாம்.

தீராதவை வேறு. பல சுரங்கள் சேர்ந்து, பெடலோடு, நீண்ட நேரம் ஒலிக்கும்போது எந்த முறை முன்னிற்கிறது என்பதில் ஒப்பீடுகள் ஒத்துப்போவதில்லை. வாசிப்பவர் சொல்வதும் கேட்பவர் சொல்வதும் வேறுபடுகின்றன. இயந்திரக் கற்றலால் பியானோ ஒலியை எழுப்பும் முயற்சிகள் ஆய்வுக்கூடங்களில் நடக்கின்றன. அவை எளிய லேப்டாப்பில் தாமதமின்றி ஓடும் நாள் எப்போது என்று இப்போது கணிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பீடுகள் பெரும்பாலும் நல்ல ஹெட்போனிலும் அரங்கத்து ஸ்பீக்கரிலும் நடப்பவை. ஓட்டுக் கூரையும் சிமெண்ட் தரையும் எதிரொலிக்க, மின்விசிறிகள் சுழல, ஒற்றைப் பாதை ஸ்பீக்கரில் ஒலிக்கும் கூடத்தில் எந்தத் தொகுப்பு தெளிவாக நிற்கிறது என்பதை அந்தக் கூடங்களிலேயே சோதிக்க வேண்டும். திரைக்குப் பின்னால் மூன்று மென்பொருள்களை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டுச் சபையாரைச் சொல்லச் சொல்வதற்கு ஒரு மாலைப்பொழுதும் ஒரு லேப்டாப்பும் போதும்.

சாலமாண்டர் தொகுப்பை உண்டாக்கியது ஒரு மனிதர், ஒரு பியானோ, இரண்டு மைக். திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ பராமரிப்போடு நல்ல பியானோ வைத்திருக்கும் தேவாலயமோ கல்லூரியோ ஒன்று, தன் கருவியை இதே போலப் பதிவு செய்து, ஒற்றைப் பாதை ஸ்பீக்கருக்கு ஏற்ற பதிப்பையும் சேர்த்துக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட வேண்டும். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் உள்ள கொயர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.